பொம்புளப் பக்கத்துத் திறப்பு

மசூர் ஹாஜியார் மகளின் கலியாணம் எண்பத்தையாயிரம் ரூபாய் என்று கொழும்பில் விலை சொன்னார்கள். கலியாணம் எப்போதோ முடிந்து, புறியாணிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அன்றைய படங்கள் எல்லாம் இருந்த ஹாட் டிஸ்க், மக்கீன் முழங்கை பட்டு ஸ்டூடியோ மேசையிலிருந்து விழுந்து செத்துப்போனது. அதை உயிர்ப்பிக்கத்தான் எண்பத்தையாயிரம். அதுவும் கிடைத்தால் உண்டு.

ஹாஜியார் காசுக்குப் பின்வாங்கவில்லை. "அங்க ஆரு திறந்து பாக்கிற? ஆம்புளயா?" என்று மட்டும் கேட்டார். மக்கீன் ஓம் என்றதும், "அப்ப வேணா. படம் போனாப் போகட்டும். புள்ளைட முகம் கொழும்புக்குப் போகப்படா" என்று போனை வைத்துவிட்டார்.

நப்லாவின் பிழைப்பு 'ஆம்புளயா' என்ற அந்த ஒரு சொல்லில்தான் நின்றது. ஸ்டூடியோ அவள் புருசனின் அண்ணன் மக்கீன் நானாவுடையது, கமராவும் அவருடையதே. ஆனால் கலியாண வீட்டில் பெண்கள் இருக்கும் அறைக்குள் போய்ப் படம் எடுப்பவள் அவள் ஒருத்திதான். முக்காடு இல்லாமல், தலை நிறையப் பூவோடு அவர்கள் அவள் முன்னால் உட்காருவது, இதை எந்த ஆணும் பார்க்கமாட்டான் என்ற அவளது வாக்கை நம்பி.

ஆகவே கல்முனைப் பிரதான வீதியில் நிரோசனின் கம்பியூட்டர் கடைக்கு படங்களைச் சேர்த்துவைக்க மக்கீன் புதுப் பெட்டி வாங்கப் போனபோது, அழைக்காமலே அவளும் போனாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

"இதுதான் நாஸ் பெட்டி, நானா," என்றான் நிரோசன். "ரவுட்டரில கொழுவினாச் சரி. உங்கட மூண்டு கம்பியூட்டரும் இதுக்குள்ளதான் படம் வைக்கும். நாலு டெராவில ரெண்டு டிஸ்க் போடுவம்."

"அப்ப எட்டு."

"இல்ல, நாலு. ஒண்டில இருக்கிறதுதான் மத்ததிலயும் இருக்கும். ஒண்டு செத்தாலும் படம் சாகாது."

மக்கீன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவனின் லாபம் குறையப்போகிறது என்று அர்த்தம். "எட்டுக்குச் சல்லி வாங்கி நாலு தாறாய். சரி, விடு. ரெண்டாவது டிஸ்க் வெறும் கொப்பிதானே? கொப்பிக்கு என்னத்துக்கு முழு விலை? பக்கத்துக் கடையில கொப்பி ஒண்டு பத்து ரூபா."

"அது கடதாசி, நானா."

"கொப்பி கொப்பிதான்டா."

நிரோசனுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. சிரிப்பை விழுங்கிவிட்டு, விற்கிறவன் கடைசியாக எடுக்கும் இனிப்பை எடுத்தான். "வீட்ட இருந்தே போனில எல்லாப் படத்தையும் பாக்கலாம். பாஸ்வேர்டை மட்டும் நீங்க வச்சிருக்க வேணும்."

"எல்லாப் படத்தையுமா?" என்றாள் நப்லா.

"அட்மின் ஆள் எல்லாம் பாப்பார், தங்கச்சி."

"பொம்புளப் பக்கத்துப் படத்தை?"

நிரோசன் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினான்.

"தனியாப் பூட்டவும் ஏலும்," என்றான் நிரோசன் மெதுவாக. "அந்தப் பூட்டுக்குத் திறப்பு வேற, இன்னொரு பாஸ்வேர்ட். அது இல்லாட்டி அட்மினும் திறக்க ஏலா."

"அந்தத் திறப்பு என்ட கையில வேணும்."

"என்னகா கதைக்காய்?" மக்கீன் திரும்பினார். "நான் களவாப் பாக்கிற ஆளா?"

"நீங்க பாக்கமாட்டீங்க மச்சான். பாக்க ஏலும் எண்டு தெரிஞ்சாலே போதும், நாளைக்கு ஒரு உம்மாவும் என்னை உள்ளுக்கு எடுக்கமாட்டா."

"கமரா என்ட."

"ஓம், உங்கட. அதைத் தூக்கிட்டு நீங்களே உள்ளுக்குப் போங்களன்."

நிரோசன் மேசைக்கு அடியில் இல்லாத எதையோ தேடினான்.

மக்கீனின் காது சிவந்தது. "எனக்குத் திறப்பு இல்லாத பெட்டிக்கு நான் ஒரு சதமும் குடுக்கமாட்டன். இனிக் கமராவுக்கும் வாடகை. கலியாணத்துக்கு ஐயாயிரம். எடுக்கிறதெண்டா எடு, இல்லாட்டி அடுப்பைப் பாரு."

"சரி. நானும் இனிச் சம்பளத்துக்கு வரமாட்டன். பொம்புளப் பக்கத்துக்குப் பன்னிரண்டாயிரம், வீட்டுக்காரங்க என்ட கையில தரணும்."

"உனக்கு ஆரு குடுப்பா?"

"உங்களை உள்ளுக்கு விடாத ஆக்கள்தான்."

மக்கீன் கண்ணாடியை மாட்டாமலே வெளியேறினார். மோட்டார் சைக்கிள் ஒரு முறைக்கு மூன்று முறை உறுமிப் போனது. அவளை வீட்டுக்கு ஏற்றிப் போக வேண்டியவர் அவர்தான்.

நப்லா கைப்பையிலிருந்து சீட்டுக் காசை எடுத்து எண்ணி வைத்தாள். "மிச்சத்தைக் கலியாண மாசம் முடியத் தருவன். நம்புவியா தம்பி?"

நிரோசன் வாசலைப் பார்த்தான். மக்கீனோடு பேரம் பேசுவதைவிட இவளுக்குக் கடன் கொடுப்பது லேசு என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். "எழுதுங்க," என்று பில்லைத் திருப்பி, பேனையை நீட்டினான்.

அவள் நின்றபடியே எழுதினாள். பெட்டி ஐம்பத்தெட்டாயிரம். டிஸ்க் இரண்டு, எண்பத்துநாலாயிரம். கொப்பிக்கும் முழு விலை. மொத்தம் ஒரு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரம். கொடுத்தது ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். கடன் முப்பத்திரண்டாயிரம். இந்த மாதம் கைவசம் நான்கு கலியாணம், நாற்பத்தெட்டாயிரம். அதில் மச்சானுக்குக் கமரா வாடகை இருபதாயிரம் போக, இருபத்தெட்டாயிரம்.

குறை, நாலாயிரம்.