அக்காவுக்குக் கேட்காத அலாரம்

தையல்காரி அக்காவுக்கு நடுவயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தது. மற்றவர்கள் சொல்வதை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். அவள் தனியாக இருப்பதுதான் பஸ் டிரைவர் தம்பிக்குக் கவலை. துணியும் நூலும் குவிந்த வீடு. ஒரு பொறி போதும்.

ஒரு விடுமுறை நாளில் புகை அலாரம் வாங்கிவந்து, ஸ்டூல் மேல் ஏறி, தையல் அறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே கூரையில் மாட்டினான். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் பதறி இறங்கி வந்தார். தம்பி பெருமையோடு திரும்பிப் பார்த்தான்.

"மாட்டிட்டியா? எப்போடா கத்தும்?" என்றாள் அக்கா.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "செவிடன் காதுல சங்குன்னு சொல்லுவாங்க. நீ வீடு தேடி வந்து ஊதிட்டியே!"

அடுத்த வாரமே அதை மாற்றினான். புதியது புகை பட்டால் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். அதோடு இணைத்துத் தலையணைக்கடியில் வைத்த தட்டு கிடுகிடுவென்று அதிரும். மாதம் ஒருமுறை சோதித்துப் பார்க்க வருவான். அக்கா மதியம் கண்ணயர்ந்திருந்தால் வேண்டுமென்றே பொத்தானை அழுத்துவான். அவள் எழுந்து தலையணையை அவன் மேல் வீசுவாள். பிறகு இருவருமாக அலாரத்தில் ஒட்டிய நூல் பிசிறைத் துடைப்பார்கள்.

ஒருநாள் மதியம், இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டு அக்கா படுத்தாள். தலையணை அதிர்ந்தது.

"போடா எருமை, வந்துட்டியா?" என்று கண்ணைத் திறக்காமலே திட்டினாள்.

அதிர்வு நிற்கவில்லை. தம்பி என்றால் இதற்குள் சிரித்துக்கொண்டு எதிரே நிற்பான். கண் விழித்தாள். வெளிச்சம் வெட்டிக்கொண்டிருந்தது, அறையில் யாரும் இல்லை. எழுந்து போனால் தையல் அறையில் மேசைத் துணி எரிந்து, தீ திரைச்சீலையில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே ஓடி, மாடிவீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்.

தம்பி சீருடையோடு ஓடி வந்தபோது தீ அணைந்திருந்தது. அந்த ஓர் அறை மட்டும் கரியாகியிருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் குந்தி, முகத்தை அவளுக்கு நேராக வைத்துக்கொண்டான்.

"துணியெல்லாம் போச்சுடா."

"போனா போகட்டும்க்கா. நீ இருக்கியே." சொல்லும்போதே அவன் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

அவள் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். திடீரென்று ஏதோ தோன்றியவளாக, "ஆமா, உன் வீட்டுல இந்த அலாரம் இருக்கா?" என்றாள்.

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தான்.

"இந்தப் பக்கம் திரும்பிப் பேசு!"

"வாங்கணும்க்கா…"

அக்கா அவன் காதைப் பிடித்துத் திருகினாள். "பிள்ளைங்க தூங்குற வீடுடா!"

மறுநாளே தம்பி வீட்டில் அக்கா ஸ்டூல் மேல் ஏறினாள்; அவன் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டான். அலாரத்தை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வீல் என்று அலறினார்கள். அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சத்தம் நல்லா வருது போல," என்று திருப்தியோடு இறங்கினாள்.