எமில்டாவின் மூக்கு

எமில்டாவுக்குப் பிடிபடாத மணம் அவர்கள் குடியேறிய அஜின்கோர்ட் ஊரிலேயே கிடையாது என்று அவள் கணவன் கஸ்பர் சொல்வான். வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வான். தான் வேலை செய்யும் டிரை கிளீனிங் கடைக்கு வரும் கோட்டுகளை முகர்ந்தே, எது மழையில் நனைந்தது, எது சிகரெட் புகையில் கிடந்தது என்று பிரித்துவைப்பவள் அவள்.

கஸ்பருக்கு ஒரு ஹோட்டல் பாரில் வேலை. தொண்ணூற்றைந்தில், ஹோட்டலுக்கு சிங்கிள் மால்ட் விஸ்கி தேர்ந்தெடுக்கும் குழுவில் அவனையும் சேர்த்தார்கள். அன்றிலிருந்து சின்னப் போத்தல்கள் வீட்டுக்கு வந்தன. அவன் கிளாஸில் ஊற்றி, மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு நீட்டுவான். அவள் குடிப்பதில்லை. வாயைச் சற்றே திறந்து, மூக்கை விளிம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள்.

“முதல்ல பேரிக்காய், கனிஞ்சது. பிறகு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. கடைசியில மழையில அணைஞ்ச நெருப்பு.”

அவன் எழுதிக்கொள்வான். ஒரு வருடமாக இப்படி. அந்தக் குழுவின் மேசையில் தனக்கும் ஒரு கதிரை கிடைக்கும் என்று எமில்டா காத்திருந்தாள்.

“உம்மைப் பற்றிச் சொல்லிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை வரட்டாம்,” என்று அவன் ஒருநாள் சொன்னபோது, மூக்குக் கெட்டுவிடக் கூடாதென்று இரண்டு நாள் அவள் மீன் பொரிக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் மேசையைச் சுற்றி ஆறு பேர். எமில்டாவுக்குக் கஸ்பரின் பின்னால், சுவரோரம் ஒரு கதிரை. மனேஜர் எட்வேட் அவளுக்கும் ஊற்றப் போனார். கஸ்பர் கையால் மறித்தான்.

“இவளுக்கு விஸ்கி மணமே ஆகாது, தலையிடி வந்துவிடும்,” என்றான் ஆங்கிலத்தில். “இந்த மூக்கு எனக்கு அம்மா வழியில் வந்தது.”

அந்த அளவு ஆங்கிலம் எமில்டாவுக்கு விளங்கும். முதல் மூன்று கிளாஸுக்கும் அவளுடைய சொற்களையே அவன் ஒப்பித்தான். அவள் கண்ணை மூடும் இடத்தில் அவனும் மூடினான்.

நாலாவது, வீட்டுக்கு வராத போத்தல். கஸ்பர் முகர்ந்தான். என்ன மணமென்று பிடிபடவில்லை. கதிரையில் சாய்பவன்போல் கிளாஸை அவள் பக்கம் கொண்டுவந்தான். எமில்டா பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு வருடப் பழக்கம் விடவில்லை.

“இஞ்சேருங்கோ, தக்கை பழுது. நனைஞ்ச மட்டைப்பெட்டி மணக்குது,” என்றாள் மெல்ல.

“உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?” என்று எட்வேட் ஆவலோடு கேட்டார்.

எமில்டா கஸ்பரின் முகத்தைப் பார்த்தாள்.

“தண்ணீர் வேண்டுமாம்,” என்றான் அவன்.

பிறகு இன்னொரு முறை முகர்ந்து, தக்கை பழுதென்று அறிவித்தான். எட்வேட் தக்கையை எடுத்து மணந்து பார்த்தார். எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எமில்டாவின் மடியருகே ஐஸ் போட்ட தண்ணீர் வந்தது.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

“அடுத்ததை நீங்களே மணந்து சொல்லுங்கோ. இனி வீட்டுக்கும் கொண்டுவர வேண்டாம்.”

“இப்போது என்ன சொல்கிறார்?” என்றார் எட்வேட்.

“பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.”

ஐந்தாவது கிளாஸைக் கஸ்பரின் முன்னால் வைத்தார்கள். மற்ற ஐந்து பேரும் பேனாவோடு அவனையே பார்த்தார்கள். அவன் மூக்கை விளிம்புக்குக் கொண்டுபோகும்வரை நிற்காமல், எமில்டா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.