தந்தி எழுதிய விளக்கம்

அலுவலகத்தில் அவருக்குத் தந்தி என்று பட்டப்பெயர். சொல்லைச் செலவழிப்பதில் அப்படி ஒரு சிக்கனம். "மதியம். எல்லாரும்" என்றால் அது கூட்டத்துக்கான அழைப்பு, எந்த அறை, என்ன விஷயம் என்பதெல்லாம் நம் தலையெழுத்து. இந்த மனிதரிடம் போய்த்தான், குறிப்புகளைப் பராமரிக்கும் ஏஐ ஏஜென்ட்டுக்குக் கருவி விளக்கம் எழுதும் வேலையை ஒப்படைத்தார்கள். ஒப்படைத்தவரைச் சொல்ல வேண்டும்.

அந்த ஏஜென்ட்டிடம் 'தேடு', 'சேர்', 'உள்ளே வை', 'வெளியே எடு' என்று சில கருவிகள் உண்டு. எது என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடவே கூடாது என்று மனிதர் எழுதிவைக்க வேண்டும். அதைப் படித்துத்தான் அது வேலை பார்க்கும். பாவம், அதற்கு வேறு கதி இல்லை. குறிப்பைக் கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்கும் 'உள்ளே வை' கருவிக்குத் தந்தி எழுதிய விளக்கம் இவ்வளவுதான்: "தேவையில்லாத குறிப்புகளுக்கு." எழுதிவிட்டு, முடிந்தது ஜோலி என்று காப்பி குடிக்கப் போய்விட்டார்.

சோதித்துப் பார்க்க யாருடைய குறிப்புகளாவது வேண்டுமே? மனைவி அகப்பட்டாள். நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பவள் அவள். ராஜாவுக்கு இடுப்பு பெருத்துவிட்டது, சேனாதிபதிக்குக் கம்பளி ஆகாது, மேடையிலேயே சொறிவார் என்று அவள் எழுதிவைத்தவை மலைபோல் குவிந்திருந்தன.

அவற்றில் ஒன்றை மட்டும் கணவரோடு பகிர்ந்திருந்தாள். வேறொரு ஊரில் பெரிய அரங்கம் ஒன்று அவளை ஒரு வருடத்துக்கு உடைப் பிரிவின் தலைவியாகக் கூப்பிட்டிருந்தது. அவள் ஏங்கிக் கிடந்த வேலை. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றார் தந்தி. அதில் போ என்பதும் இல்லை, போகாதே என்பதும் இல்லை. அவர் மனதில் இருந்தது வாய்க்கு வரும் வழியில் எங்கேயோ தங்கிவிட்டது. அவராக வாய் திறக்கட்டும் என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து ஏஜென்ட்டை ஓடவிட்டார். "இப்போ தைக்கிற நாடகத்துக்கு வேண்டியது மட்டும் முன்னாடி இருக்கட்டும்" என்றாள் அவள். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. தந்திக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் திரையைத் துழாவினாள்; முகம் மாறியது.

"ஏங்க, அந்த அரங்கத்துக் குறிப்பு எங்கே? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நம்பரெல்லாம் அதுலதான் இருக்கு."

"இருக்கும்."

"இருக்கும்னா எங்கே இருக்கும்?"

ஏஜென்ட்டைக் கேட்டார். பதில் வெகு பணிவாக வந்தது. "உள்ளே வைத்துவிட்டேன். எது தேவையில்லாதது என்று விளக்கத்தில் இல்லை. வந்த நாளுக்குப் பிறகு நீங்கள் இருவருமே அதைத் திறக்காததால், வேண்டாதது என்று எடுத்துக்கொண்டேன். திரும்ப எடுத்துத் தரட்டுமா?"

அவள் சிரித்தேவிட்டாள். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் படற பாட்டை இப்போ இது படுது. நீங்க சொல்லாம விட்டதையெல்லாம் யூகிச்சாகணும். எனக்காவது பழகிப்போச்சு, இது பாவம், புதுசு."

குறிப்பு திரும்ப வந்துவிட்டது. தந்திக்குத்தான் உள்ளே என்னவோ செய்தது. இருவருமே திறக்கவில்லையாம். அவர் திறக்காததற்குக் காரணம் பயம். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவருக்குத் தைரியம் இல்லை. அவள் ஏன் திறக்கவில்லை என்று இத்தனை நாளில் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வெட்கத்தை மறைக்கத் தட்டச்சில் இறங்கினார். "பயன்படுத்துபவர் குறிப்பிட்டுச் சொன்னவற்றை மட்டும் உள்ளே வைக்கும். திறக்காமல் கிடப்பதால் ஒன்றை வேண்டாதது என்று முடிவு செய்யக் கூடாது. சந்தேகம் இருந்தால் முதலில் கேட்க வேண்டும். உள்ளே வைத்தது அழியாது. 'வெளியே எடு' கருவியால் திரும்பக் கொண்டுவரலாம்."

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அடேயப்பா! முழுசு முழுசா வாக்கியம்! இதுக்குக் கொடுத்து வச்சிருக்கு." பிறகு குரல் இறங்கியது. "இதுக்கு இவ்வளவு புரிய வைக்கிறீங்க. எனக்கு ஒண்ணுகூடக் கிடையாதா? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

தந்தி நாற்காலியைத் திருப்பினார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"நீ போகணும். எனக்காக நீ போகாம இருந்துட்டா அதை என்னால தாங்க முடியாது. நீ இல்லாம இந்த வீட்டுல இருக்கறதுக்கு எனக்குப் பயமாத்தான் இருக்கு, அதனாலதான் பாக்கலாம்னு சொல்லித் தப்பிச்சேன். ஆனா நீ போகணும். லீவு கிடைக்கிறப்பல்லாம் நான் வந்து நிப்பேன்."

இவ்வளவு பேசியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நான் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான் உங்களுக்குன்னு நினைச்சுட்டேன்" என்றாள். "அதான் அதைத் திறக்கவே பிடிக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியபோது அவர் கையைப் பிடித்தவள், வருகிறேன் என்று சொல்லி முடிக்கும்வரை விடவில்லை.