மூன்று வோல்ட் காற்றாலை

ஹில்டாவுக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையையே கவிழ்த்திருப்பாள். அதன்மேல் குழந்தை இயேசு இருந்ததால் விட்டுவிட்டாள்.

1994 கிறிஸ்துமஸ். ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு இயேசு பிறப்புக் குடில் போட்டி. அந்த வருஷம் ஹில்டா மாட்டுத்தொழுவத்தைச் செவ்வாய் கிரகத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மண்ணுக்குச் செங்கல் தூள், கூடாரத்துக்குக் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம், விண்வெளி உடையில் மூன்று ஞானிகள். பக்கத்தில் ஒரு முழ உயரக் காற்றாலை. குடைக்கம்பிதான் கோபுரம். பினாயில் கேனை அறுத்து இறக்கை, பழைய டேப்ரிக்கார்டரிலிருந்து மோட்டார். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவளுக்கு இதெல்லாம் பெரிய வித்தையில்லை. வித்தை வேகத்தில் இருந்தது. வேகமாகச் சுற்றினால் பொம்மை. மெதுவாகச் சுற்றினால்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு நூறடி உயரம். அதற்காக நூல்கண்டுக் கட்டையும் ரப்பர் பேண்டும் மாட்டி, கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் எலிமினேட்டரை மூன்று வோல்ட்டில் வைத்து, ஒரு மாதம் உயிரை விட்டிருந்தாள்.

அந்த ஒரு மாதத்தில் அவள் கணவன் ராயப்பன் செய்தது, வாசல் அட்டையில் ‘ராயப்பன் குடும்பம்’ என்று எழுதியதுதான். குடும்பத் தலைவர் பேரில்தான் குடிலாம்! போன வருஷமும் அவள் செய்த குடிலுக்கு அவன்தான் மேடையேறிக் கும்பிட்டான். இந்த முறை என் பேரைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். அவனும் தலையாட்டியிருந்தான்.

நடுவர் கிறிஸ்துராஜ் வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் சிரிப்புச் சத்தம்.

“இன்னா ராயப்பா, கொழந்தைக்கு வேர்க்குதுன்னு பேன் போட்டுக்கீறியா?”

ஓடி வந்தாள். ராயப்பன் எலிமினேட்டரைப் பன்னிரண்டுக்குத் திருகியிருந்தான். செங்கல் தூள் பறந்து ஞானிகள் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது.

“மெதுவா சுத்துச்சா, ரிப்பேர்னு நெனைச்சுப்பாரேன்னுதான்...” என்று இழுத்தான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றுக்கு இறக்கினாள். இறக்கைகள் தளர்ந்து நிதானத்துக்கு வந்தன. கிறிஸ்துராஜ் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“அடேங்கப்பா! யாரு செஞ்சது?”

“நாந்தான்,” என்றான் ராயப்பன், கூசாமல்.

ஹில்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள்.

“அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க.”

செருகினான். மோட்டார் முனகியது, இறக்கை அசையவில்லை. மூன்று வோல்ட்டில் அது தானாகக் கிளம்பாது, விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒரு நாளாவது கூட உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் விழித்தான், மறுபடி பன்னிரண்டுக்குத் திருகினான். மறுபடி பேன்.

“நீ ஓட்டும்மா,” என்றார் கிறிஸ்துராஜ்.

ஹில்டா கையைக் கட்டிக்கொண்டாள்.

“அட்டையில பேர மாத்தச் சொல்லுங்க, ஓட்டுறேன்.”

“வந்தவங்க முன்னாடி இன்னாடி இது?” என்றான் ராயப்பன்.

கிறிஸ்துராஜ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ராயப்பனிடம் நீட்டினார்.