சீனம் தெரியாத டீச்சர்

ஞாயிறு ஆராதனை முடிந்து மலேசியாவின் கிள்ளானில் உள்ள வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த குளோரியா ஆன்டிக்கு, சீனாவில் ஆங்கில டீச்சராக இருக்கும் தன் மகள் நடாலியின் புகைப்படங்களை டோரிஸ் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எந்த எடம்?"

"ஷாப்பிங் மால், ஆன்டி," என்றாள் நடாலி.

"இது?"

"அதே மால். வேற மாடி."

"கிரேட் வால் எங்கலா?"

"சும்மா தமாஷ் பண்றா," என்று டோரிஸ் அடுத்த படத்துக்குத் தாவினாள்.

சனிக்கிழமைதோறும் ஆசிரியர்களுக்கு உல்லாசப் பயணம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. பள்ளி வேன் மால் வாசலில் நிற்கும். நடாலி தலையில் சேவல் தொப்பியோடு பிள்ளைகளுக்கு ஹலோ சொல்ல வேண்டும். பின்னால் வரும் பெற்றோரை முதல்வர் அம்மையார் சேர்க்கை மேசைக்கு ஓட்டிப்போவார். ஒரே விதி, ஃபாரின் டீச்சருக்குச் சீனம் தெரியக்கூடாது. நடாலியோ கிள்ளான் சீனப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள். வெள்ளைத் தோல் இல்லாத குறையைச் சீனம் புரியாமையால்தான் ஈடுகட்ட வேண்டும் என்று அம்மையார் அந்த ஆறு வருடத்தையும் அவளுடைய விவரக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார்.

போன மாதம் நாலு வயதுப் பையன் ஒருவன் அவள் விரலைப் பிடித்து இழுத்து, ஒன்றுக்கு வருகிறது என்று சீனத்தில் சொன்னான். கழிவறை பத்தடி தூரம். அம்மையார் அதைவிடப் பக்கம்.

"வெரி குட்," என்றாள் நடாலி.

மறுபடி சொன்னான். மறுபடியும் வெரி குட். மூன்றாம் முறை அவன் சொல்லவில்லை. அவளுடைய வெள்ளைச் சப்பாத்துக்குள் வெதுவெதுப்பாக இறங்கியது.

அந்த நேரத்தில் பள்ளிக்காரர்கள் எடுத்த படம்தான் இப்போது திரையில். முழங்காலுக்குக் கீழே வெட்டியிருந்தார்கள்.

"பையன் எவ்ளோ பணிவா தலைய குனிஞ்சு நிக்கிறான் பாருங்க," என்றாள் குளோரியா ஆன்டி.

"டீச்சர் அப்படி," என்றாள் டோரிஸ்.

நடாலி அம்மாவின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள். "மம்மி, நான் திரும்பிப் போகல."

"அஞ்சு மணிக்குள்ள புது காண்ட்ராக்ட்ல சைன் பண்ணணும்னு சொன்னியே. சர்ச்சுல எல்லார்கிட்டயும் இன்னும் ஒரு வருஷம்னு சொல்லிட்டேன். போ, போய் ஐஸ் வாங்கிட்டு வா."

மூலைக்கடைச் சீன அங்கிள் அவளைப் பள்ளிச் சீருடைக் காலத்திலிருந்தே அறிந்தவர். ஐஸ் பையை நீட்டிக்கொண்டே, எப்போது வந்தாய், மறுபடி போவாயா என்று சீனத்தில் கேட்டார். போகமாட்டேன் என்ற பதில் நாக்கில் தயாராக இருந்தது.

"வெரி குட்," என்றாள், பற்கள் தெரியச் சிரித்து.

அங்கிள் பையை விடாமல் அவளையே பார்த்தார். பையின் மூலையிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது. நடாலி காலை நகர்த்தவில்லை.