பவுலினுக்கான துஆ

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்த பிறகு, பவுலினைப் பெங்களூர் ஜோகுபாளையம் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார்கள். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, தோல் பை கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, கணவர் கமருத்தீன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கல்யாணமானதிலிருந்து இப்படி நாள் முழுக்க ஒரே அறையில் இருந்ததே இல்லையே என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலித்தது. வலித்தாலும் சிரித்தாள்.

பவுலின் கோலார் தங்கவயல்காரி, சுரங்கத் தொழிலாளியின் மகள். பெங்களூரில் ஒரு தோல் ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தபோது, வாணியம்பாடியிலிருந்து சரக்கோடு வந்துபோன கமருத்தீனைப் பிடித்துப்போயிற்று. வேதம் கொடுக்கப்பட்டவர்களான கிறிஸ்தவர்களின் பெண்ணை நிக்காஹ் செய்ய மார்க்கத்தில் அனுமதி உண்டு என்று பள்ளிவாசலின் அன்றைய ஹஜ்ரத் சொன்னார். கமருத்தீன் அவளை மாறச் சொல்லவில்லை. அவளும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஸ்கூட்டரில் ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்க டீக்கடையில் காத்திருப்பார். ரமலானில் விடியுமுன் அவரைச் சஹருக்கு எழுப்பிச் சோறு போடுவது அவள். பிறந்த ஒரே மகன் சுஹைலை, நிக்காஹ்வின்போது கொடுத்த பேச்சு மாறாமல் முஸ்லிமாகவே வளர்த்தாள். அவனுக்கு அலிஃப் பே என்று அரபு எழுத்து சொல்லித்தர ஆள் தேடி அலைந்ததுகூட அவள்தான்.

சுஹைல் இப்போது வைட்ஃபீல்டில் மனைவியோடு இருந்தான். காலேஜ் நாட்களில் மார்க்கத்தில் ஆழமாக இறங்கியவன். ஐந்து வேளை தவறாது. பொய் பேச மாட்டான். அம்மாவென்றால் உயிர். அதுதான் இப்போது வினையாக வந்தது.

ஒரு சனிக்கிழமை வந்தவன், அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அம்மா, ஒரே ஒரு தடவ கலிமா சொல்லி முஸ்லிமாயிடும்மா. மறுமையில நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு என்னால நினைச்சே பாக்க முடியல."

பவுலின் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "யோசிக்கறேன்ப்பா. நீ அழாத" என்றாள்.

அவன் போனதும் கமருத்தீனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, சொல்லிடட்டுமா?"

இத்தனை வருஷமும், தொழுது முடித்துத் துஆவுக்குக் கையேந்தும்போதெல்லாம், வெளியே சொல்லாமல் அவர் கேட்டுவந்தது இதைத்தான்.

"உன் மனசுல இருக்கா?" என்றார்.

"உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். மனசுல ஏசப்பாதான் இருக்காரு. ஆனா புள்ள அப்படி அழுவறான். நாக்கால சொன்னா அவன் நிம்மதியா இருப்பான்னா சொல்லிட்டுப் போறேன். நீங்க சரின்னா சரி."

ஒரு 'சரி' போதும். கமருத்தீன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கீழே யாரோ கன்னடத்தில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம் பவுலின்" என்றார். "மார்க்கத்துல கட்டாயம் கிடையாது. மனசுல இல்லாதத வாயால சொல்லி, எங்களுக்காக நீ கடைசி நேரத்துல பொய் சொல்ல வேணாம். அல்லாஹ் மனசப் பாக்கறவன்."

"புள்ளைக்கு?"

"நான் பாத்துக்கறேன்."

அப்படிச் சொன்னாரே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த முறை சுஹைல் வந்தபோது பவுலின் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வந்த வழியாவே போறேன்ப்பா. அம்மாவ மன்னிச்சுக்கோ" என்றாள். அவன் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. அத்தா கமருத்தீனைத்தான் பார்த்தான். அந்த வார முடிவில், பாஸ்டர் ஐயா வந்து ஜெபித்துவிட்டுப் போன மத்தியானம், தூக்கத்திலேயே அவள் போய்விட்டாள்.

கமருத்தீன் பள்ளிவாசலுக்குப் போய், அடக்கத்தில் தான் கலந்துகொள்ளலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டார். இப்போதைய ஹஜ்ரத் அவரை விட இளையவர், ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அடக்கத்துக்குப் போங்க பாய். மண்ணு போடுங்க. ஜனாஸா தொழுகை மட்டும் அவங்களுக்கு இல்ல. வேற மார்க்கத்துலயே மௌத்தானவங்களுக்காகப் பாவமன்னிப்பு கேக்கறதும் நமக்கு அனுமதி இல்லன்னுதான் உலமாக்கள் சொல்றாங்க."

"அழலாமா ஹஜ்ரத்?"

ஹஜ்ரத் நிமிர்ந்தார். "நபி ரசூலுல்லாஹ், மார்க்கம் வர்றதுக்கு முந்தியே இறந்துபோன தன்னோட தாயார் கப்ருல நின்னு அழுதாங்க பாய். பாவமன்னிப்பு கேக்க அனுமதி கேட்டாங்க, கிடைக்கல. கப்ருக்குப் போக அனுமதி கேட்டாங்க, கிடைச்சுது. அவங்க அழுதத பாத்து கூட இருந்தவங்களும் அழுதாங்க."

சர்ச்சில் பவுலினின் அண்ணன் சாலமன் அவரை முன்வரிசைக்கு அழைத்துப்போனார். பெட்டியைத் தூக்கும்போது, "மச்சான், தலைப்பக்கம் நீங்க பிடிங்க" என்று இடம் விட்டார். சுஹைல் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தான். கல்லறையில் எல்லோரும் மண் போட்டுவிட்டு விலகிய பிறகு வந்தான். ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டான். அத்தாவிடம் பேசாமலே போய்விட்டான்.

பல வாரங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டான்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மா சொல்லியிருப்பாங்க. இல்லையா அத்தா?"

இல்லை என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பவுலினையே பொய் சொல்ல விடாதவர், தான் எப்படிச் சொல்வது?

"ஆமா" என்றார். "உனக்காகச் சொல்றேன்னுதான் கேட்டா. நான்தான் வேணாம்னேன்."

சுஹைலின் முகம் கோணியது. "ஏன்? நீங்களும் தொழறவர்தானே? அந்தக் கதவ ஏன் அடைச்சீங்க?"

"அவ மனசுல இல்லப்பா. உன் அழுகைய நிறுத்தத்தான் பாத்தா."

"எப்படியாவது சொல்லியிருந்தா நான் இப்ப அம்மாவுக்காகப் பாவமன்னிப்பு கேக்கலாமே! தொழுதுட்டுக் கை ஏந்துறேன். வாய் வரைக்கும் வருது, சொல்ல முடியல. நான் என்னன்னு கேக்கறது அத்தா?"

"எனக்கும் தெரியலப்பா" என்றார் கமருத்தீன்.

அப்படியே படியில் உட்கார்ந்து சுஹைல் சின்னப் பிள்ளை போல அழுதான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொட்டால் தட்டிவிடுவானோ என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் இருவரும் எழுந்து பள்ளிக்கு நடந்தார்கள்.

தொழுகை முடிந்து கையேந்தியபோது, தான் செய்தது சரிதானா என்று முதல் முறையாகக் கமருத்தீனுக்கு நிஜமான பயம் வந்தது. தன் பெருந்தன்மைக்காக அவளை மறுமையில் எங்கேயோ தனியாக விட்டுவிட்டோமோ? கேட்கக்கூடாததைக் கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"யா அல்லாஹ், அவளை உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்து வரிசையில் சுஹைல் இல்லை. மெட்ரோவுக்குக் கிளம்பிவிட்டிருந்தான். அடுத்த வெள்ளியும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஒருநாள் சாலமன் போன் செய்து, "மச்சான், ஞாயித்துக்கிழம பையனக் கல்லறையில பாத்தேன். நான் போறதுக்கு முன்னாடியே வந்து தனியா நின்னுக்கிட்டிருந்தான். கூப்பிடலாம்னு நினைச்சேன். அழுதுக்கிட்டிருந்தான், விட்டுட்டேன்" என்றார்.

"நல்லது மச்சான், கூப்பிட வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்தார் கமருத்தீன். அன்று சாயங்காலம் அவரும் கல்லறைக்குப் போவதாகத்தான் இருந்தார். மகன் ஒருவேளை மறுபடியும் வந்தால் தன்னைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவானே என்று நினைத்து, வீட்டிலேயே இருந்துவிட்டார்.