சேர்ந்துவிட்டது என்று சொன்ன பச்சைப் பட்டை

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னவள் நான்தான், மூன்றே சொல்லில்: ‘உங்கள் கடிதம் சேர்ந்துவிட்டது.’

இணையதளத்தில் பட்டனை அழுத்தியதும் ஒரு பட்டை தோன்றுமே, பச்சை என்றால் முடிந்தது, சிவப்பு என்றால் முடியவில்லை, மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. அதற்குள் வரும் வாசகங்களை எழுதுவது என் வேலை. இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது. படிப்பவர்மேல் பழி போடக்கூடாது. பதினோரு வருடம் இப்படியே எழுதியவளுக்கு மூன்றாவது வரி வருவது குதிரைக்கொம்பு. ஆகவே கதை அங்கங்கே நொண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

முதல் தொடக்கம்: ‘ஜன்னலருகே அமர்ந்து அவள் தங்கையின் கடிதத்துக்காக...’

(வேண்டாம். என் அக்கா ஜன்னலருகே உட்காருகிற ரகம் இல்லை. வெயில் பட்டால் தலைவலிக்கும் அவளுக்கு.)

இரண்டாம் தொடக்கம்: ‘புரோகிராமர் ஒருவரின் அலட்சியத்தால் இரு சகோதரிகள்...’

(இதுவும் வேண்டாம். அவரை வில்லனாக்கி நாலு பக்கம் ஓட்டினேன். திருட்டு முழிகூட வைத்தேன். பாவம் மனிதர், என்னைக் கேட்டுத்தான் செய்தார்.)

“மேடம், பச்சையை எப்போ காட்டணும்? அழுத்தின உடனேயா, இல்ல லெட்டர் போய்ச் சேர்ற இடத்துலேருந்து பதில் வந்த பிறகா?”

“உடனே காட்டுங்க. காத்திருக்க வச்சா ஜனங்க பயந்துடுவாங்க.”

“போய்ச் சேரலைன்னா?”

“அதெல்லாம் சேரும். நீங்க வேற!”

3.

எலும்பு முறிந்தவர்கள் தங்கித் தேறும் விடுதி ஒன்றுக்காகச் செய்த தளம் அது. உறவினர்கள் அதில் கடிதம் எழுதினால் நர்ஸ் அச்செடுத்து உள்ளே இருப்பவரிடம் கொடுப்பார். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது, அங்கே அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன். போனிலேயே. தளம் திறக்கிற வாரம் அது.

“வேலை தலைக்கு மேல இருக்குக்கா. அடுத்த வாரம் வந்துடறேன்.”

“நீ வரவே வேணாம்டி.”

பிறகு அவள் என் போனை எடுக்கவில்லை. அடுத்த வாரம் போய் நின்றேன், பார்க்கச் சம்மதிக்கவில்லை. எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை, அவளுக்கும் அப்படித்தான். அதனால் எழுத ஆரம்பித்தேன், தினம் ஒன்றாக இருபத்திரண்டு கடிதங்கள். ஒவ்வொரு முறையும் பச்சைப் பட்டை வந்தது. நானே எழுதிய வாசகத்தை நானே நம்பி நிம்மதியாகக் கணினியை மூடினேன்.*

இருபத்து மூன்றாவது கடிதத்தில் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. ‘கல்நெஞ்சக்காரி, இனி எழுத மாட்டேன்’ என்று

(வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது. பச்சைப் பட்டை அதற்கும் வந்தது.)

* மற்றவர்களின் வீட்டார் நேரில் வந்து போனதால் பழுது யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை மட்டுமே நம்பியிருந்தவள் நான் ஒருத்திதான் போலும்.

4.

ஒரு வாரம் பொறுத்து, மனசு கேட்காமல் நர்ஸுக்குப் போன் செய்தேன்.

“என் லெட்டரெல்லாம் படிச்சாங்களா சிஸ்டர்?”

“லெட்டரா? ஒண்ணுகூட வரலையேம்மா. தினம் காலையில கேப்பாங்க, ‘என் தங்கச்சிகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா’ன்னு. இப்ப கொஞ்ச நாளா கேக்கறதில்ல.”

புரோகிராமர் பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

5.

முடிவுகளைப் பார்ப்போம்.

அ) கடிதங்களோடு போகிறேன், அக்கா இறந்துவிட்டிருக்கிறாள். (கை கூசுகிறது. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், கைத்தடியோடு நடக்கிறாளாம்.)

ஆ) அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, “அசடு, ஒரு போன் பண்ணி நர்ஸைக் கேக்க மாட்டியா?” என்று... (இதைத்தான் முதலில் எழுதினேன். மூன்று முறை வாசித்துப் பார்த்தேன், இனித்தது. அடித்துவிட்டேன்.)

இ) இன்று காலை இருபத்து மூன்று கடிதங்களையும் அச்செடுத்து விடுதிக்குக் கொண்டுவந்தேன். கடைசியை மட்டும் எடுத்துவிடலாமா என்று வாசலில் நின்று யோசித்தேன். எடுக்கவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நர்ஸ் உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வரவேற்பு மேசைக்கு எதிரே உட்கார்ந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“வீட்டுக்குப் போங்களேன், சொல்லி அனுப்பறோம்,” என்கிறார் மேசைக்காரர்.

“இல்லீங்க, இருக்கேன்.”

அக்கா என்ன சொல்வாள் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றலாம். மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாயிலிருந்து வராத எதையும் இந்த முறை நான் எழுதப்போவதில்லை, அது நல்லதாகவே இருந்தாலும். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் கொஞ்ச நேரம் என்னோடு உட்காருங்கள். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.